அபய தானமும் வளர்ப்புப் பிள்ளைகளும்

(மகாவீரர் ஜயந்தி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமானின் திருவடி மலர்களை வணங்கித் தொடங்கும் இவ்வுரை, அவையோர் முன் ஒரு வினாவை வைக்கின்றது. பெற்றோரை இழந்த குழந்தை ஒன்று வாழ்வில் உயர வேண்டுமாயின், அதற்குப் பிறர் தரவேண்டுவன யாவை?

இல்லறத்தார் செய்தற்குரிய தானங்கள் நான்கு என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்பன அவை. உணவையும் மருந்தையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். கல்வி கொடுக்கச் சில ஆண்டுகள் வேண்டும். அபயமோ, “அஞ்சாதே, உனக்கு நாங்கள் இருக்கிறோம்” என்னும் உறுதிமொழி. அதற்குக் கால எல்லை இல்லை. ஆதலின் நான்கனுள் அதுவே அரியது. பெற்றோரை இழந்தும் சிறந்து விளங்கியவர் வரலாறுகளை நோக்கின், ஒவ்வொன்றிலும் இந்த நான்காம் தானத்தைச் செய்த ஒருவரைக் காணலாம்.

முதற்கண், நம் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை எண்ணிப் பார்ப்போம். ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன், தான் நம்பிய அமைச்சன் கட்டியங்காரனால் வஞ்சிக்கப்பட்டு உயிர் துறந்தான். நிறைசூலியான அரசி விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கி, அங்கேயே மகனை ஈன்றாள். அரச குலத்துப் பிள்ளைக்குத் தொட்டிலும் இல்லை, விளக்கும் இல்லை. அந்நேரத்தில், இறந்துபோன தன் குழந்தையை ஏந்தியவனாய் அங்கு வந்தான் வணிகன் கந்துக்கடன். தன் மகவை இழந்த துயரோடு வந்தவன் பிறர் மகவை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினான். குழந்தை தும்ம, ‘சீவ’ என்ற வாழ்த்தொலி எழுந்தது. அதுவே அவன் பெயராயிற்று.

கந்துக்கடன் மனைவி சுநந்தை அக்குழந்தையைத் தன் மகனாகவே வளர்த்தாள். பின்னர் அவளுக்கு நந்தட்டன் பிறந்தான். சொந்த மகன் பிறந்த பின்னர் வளர்ப்பு மகன் ஓரடி பின்னே நிறுத்தப்படுதல் உலகில் உண்டு. கந்துக்கடன் இல்லத்தில் அது நிகழவில்லை. நந்தட்டன் அண்ணனுக்கு உயிர்த்துணையாய் நின்றதே அதற்குச் சான்று.

சீவகனுக்குக் கல்வி கற்பித்தவர் அச்சணந்தி ஆசிரியர். சீவகன் யார் மகன் என்பதை அவனுக்கு உணர்த்தும் பொறுப்பும் அவரையே சேர்ந்தது. அவர் அதனைத் திடீரென்று கூறிவிடவில்லை. வேறு யாரோ ஒருவனுடைய கதையைச் சொல்வதுபோலச் சொல்லி, இறுதியில் ‘அவன் நீயே’ என உணர்த்தினார். கேட்டவன் மயங்கி வீழ்ந்தான். தெளிந்தபின் சினந்து எழுந்தான். ஆசிரியர் அவனிடம் ஒரு வரம் கேட்டார்: ஓராண்டுக் காலம் கட்டியங்காரன்மீது சினங்கொண்டு எதுவும் செய்யலாகாது. உண்மையை மறைக்காமல் சொல்லுதல், உரிய வயதில் சொல்லுதல், சொன்னபின் அதனைத் தாங்கும்வரை உடனிருத்தல் என்னும் மூன்றும் அவ்வாசிரியர் செய்கையில் அடங்கியுள்ளன. இன்று தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோர்க்கு வல்லுநர்கள் கூறும் அறிவுரையும் ஏறத்தாழ இதுவே.

இப்பெருங்காப்பியத்தை உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு பதிப்பித்தபோது, சமண சமயப் பொருள்களை அவருக்கு விளக்கித் துணை நின்றோர் கும்பகோணத்துச் சைனப் பெருமக்கள். ஆகவே சீவகன் கதையைத் தமிழுலகம் மீண்டும் பெற்றதிலும் நம் முன்னோர்க்குப் பங்குண்டு.

காப்பியத்தை விடுத்து வரலாற்றுக்கு வருவோம். தென்பாண்டி நாட்டுக் கழுகுமலையில், பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் துறவியரும் குரத்தியரும் பலவிடத்து ‘இன்னாருடைய மாணாக்கர்’, ‘இன்னாருடைய மாணாக்கியர்’ என்றே குறிக்கப்பெறுகின்றனர். ஒருவரை அறிமுகம் செய்ய, அவரை ஆளாக்கியவர் பெயர் போதும் என்று அக்காலச் சங்கம் கருதியதை அக்கற்கள் காட்டுகின்றன.

கழுகுமலைக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர், மற்றொன்று இராஜபாளையம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமை ஒரு வளர்ப்பு மகளின் பெருமை. மாலை கட்டும் தொண்டு புரிந்த விஷ்ணுசித்தர், தம் நந்தவனத்துத் துளசிச் செடியருகே ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்தார் என்பது வைணவ மரபு. அவர் அக்குழந்தைக்குக் கோதை எனப் பெயரிட்டு, தமிழும் பக்தியும் ஊட்டி வளர்த்தார். திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றும் அவள் பாடியவை. சமயம் வேறாயினும் இதில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. தன் பதிகங்களின் நிறைவில் கோதை தன்னைக் குறிக்கும்போது, வளர்த்த தந்தையின் பெயரோடு சேர்த்தே குறிக்கின்றாள். பிறப்பு அறியப்படாத பெண்ணுக்குப் பாட்டில் பொறிக்க ஒரு தந்தை பெயர் இருந்தது. வந்த வழி எதுவென்று ஊரார் கேட்டிருப்பர். அதற்கெல்லாம் விடையாக அந்தப் பெயர் நின்றது. கல்வியும் பெயரும் தந்து வளர்த்த அவ்வொருவரால், இன்று அவ்வூர் முழுவதும் அம்மகளின் பெயரால் அறியப்படுகிறது.

இராஜபாளையத்தில் 1898ஆம் ஆண்டு பிறந்தவர் பூ. ச. குமாரசாமி ராஜா. பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தார். மூன்று வயதில் தந்தையையும் இழந்தார். அவரை வளர்த்தவர் பாட்டியார். முதுமையில் ஓய்வு கொள்ள வேண்டிய ஒருவர், கைக்குழந்தையின் பொறுப்பை ஏற்றார். அக்குழந்தை வளர்ந்து காந்தியடிகளின் வழியில் நின்று, சிறை புகுந்து, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கியது. 1950ஆம் ஆண்டு இந்தியா குடியரசானபோது அப்பதவியில் இருந்தவர் அவரே. பின்னர் ஒரிசா மாநில ஆளுநராகவும் பணியாற்றினார். தம் ஊரில் தாம் வாழ்ந்த வீட்டையே அவர் பொதுவுக்கு வழங்கினார். அது காந்தி கலை மன்றமாயிற்று. ஒரு வீட்டின் அரவணைப்பால் பிழைத்த பிள்ளை, தன் வீட்டை ஊருக்கு உரியதாக்கியது.

இவ்விருவரையும் வளர்த்தோர் தனி மனிதர். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் ஒரு பாட்டியாரோ ஒரு விஷ்ணுசித்தரோ வாய்ப்பதில்லை. அத்தகையோர்க்கு இல்லங்கள் உள்ளன. கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் பிறந்த முகம்மது அலி ஷிஹாப், சிறு வயதில் தந்தையை இழந்து, கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில் உள்ள இல்லத்தில் வளர்ந்து, இந்திய ஆட்சிப்பணித் தேர்வில் வென்று, நாகாலாந்தில் அதிகாரியானார். இல்லமும் ஒரு பிள்ளையை உயர்த்தும் என்பதற்கு அவர் கண்முன் உள்ள சான்று.

எனினும் இல்லத்துப் பிள்ளைக்கு ஓர் இடர் காத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லத்தில் ஒரு பிள்ளை 18 வயது நிறையும்வரை தங்கலாம். அதன்பின் 21 வயது வரை ‘பிற்காப்பு’ என்னும் பெயரில் உதவி பெறவும் அச்சட்டம் வழி செய்கிறது. ஆனால் சட்டம் தரக்கூடியது இடமும் பொருளும். நம் வீட்டுப் பிள்ளை 18 வயதில் கல்லூரி விடுதிக்குச் செல்கிறான். தீபாவளிக்கு வீடு திரும்புகிறான். விடுதி மூடப்படும் அந்நாள்களில் இல்லத்துப் பிள்ளை எங்குச் செல்வான்? வேலைக்குச் சேரும்போது ‘உறவினர் பெயர்’ என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவான்? திருமணப் பேச்சு எழுந்தால் பெண் வீட்டார் என்று அவள் பக்கம் அமர்வோர் யாவர்? காய்ச்சல் கண்ட இரவில் அலைபேசியில் யாரை அழைப்பான்?

நம் குடும்பங்கள் ஈகையில் குறைந்தவை அல்ல. பிறந்தநாளிலும் முன்னோர் நினைவு நாளிலும் இல்லங்களுக்குச் சென்று உணவளிக்கும் நல்வழக்கம் பெருகியுள்ளது. அது தொடர வேண்டும். ஆயினும் அது நான்கனுள் முதல் தானம் மட்டுமே. பிள்ளைகள் வரிசையில் நின்று நன்றி கூற, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினால், மற்ற மூன்றும் எஞ்சி நிற்கின்றன. ஒரு குடும்பம் ஓர் இளைஞனையோ ஓர் இளம்பெண்ணையோ இல்லத்தின் வாயிலாக அறிந்து, படிப்பு முடியும்வரை கட்டணம் ஏற்று, பண்டிகை நாளில் பந்தியில் அமர்த்தி, நேர்முகத் தேர்வுக்கு வழியனுப்பி, வேலை கிடைத்த பின்னும் விசாரித்து வருமாயின் நான்கு தானங்களும் அங்கே ஒருங்கே நிறைவேறும். குழந்தையை வளர்க்க விரும்புவோர் சட்டத்தின் வழியே செல்லுதல் வேண்டும். தத்தெடுத்தலுக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் உரிய நடைமுறைகள் மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வாயிலாக நிகழ்கின்றன. தனித்து விடப்பட்ட குழந்தையைக் காண்போர் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் கடமை.

சொல்லிலும் ஒரு திருத்தம் தேவை. ‘அநாதை’ என்பது நாதன் இல்லாதவர் என்று பொருள்படும் சொல். ஆதிநாதரையும் நேமிநாதரையும் பார்சுவநாதரையும் நாள்தோறும் வணங்கும் நாவினால் ஒரு குழந்தையை அவ்வாறு அழைத்தல் பொருந்துமா என்பதை அவையோர் எண்ணிப் பார்க்கலாம்.

சிந்தாமணியின் இறுதிப் பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நாட்டை மீட்டு முடி சூடிய சீவகன், வளர்த்தோரை மறவாது சிறப்புச் செய்தான். பின்னர் விசயை துறவு மேற்கொள்ளத் துணிந்தபோது, சுநந்தையும் அவளுடன் சென்று துறவு பூண்டாள். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி. ‘இவன் என் மகன்’ என இருவருமே உரிமை கொண்டாடத்தக்கவர். அவ்விருவரும் ஒரே நெறியில் ஒன்றாக நடந்தனர் எனத் தேவர் பாடியிருப்பது, வளர்த்தலைப் பெறுதலோடு ஒப்ப வைத்த நம் அறத்தின் தீர்ப்பாகும். அத்தீர்ப்பை ஏட்டில் மட்டும் வைத்துப் போற்றாமல், இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளைக்கேனும் நான்காம் தானத்தைத் தொடங்குமாயின், வர்த்தமானப் பெருமானின் பிறந்தநாளை நாம் முறையாகக் கொண்டாடியவராவோம்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புற்று வாழ்க!