‘ஒன்லி’யை எங்கே வைப்பது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். இங்கிலீஷில் நாம் எல்லோரும் தினமும் புழங்கும் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். ‘ஒன்லி’. பயப்படாதீர்கள், இலக்கண வகுப்பு எடுக்க வரவில்லை. என் பெயரில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிட வேண்டும்.

2022 டிசம்பர் 9. மாண்டஸ் புயல் இரவில் மாமல்லபுரம் அருகே கரையைக் கடக்கப்போகிறது என்று டிவியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் அறிவிப்புகளை எழுதுவது அப்போது என் வேலை. மாலையில் அவசர அவசரமாக வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டேன்: ‘கிரவுண்ட் ஃப்ளோர் ரெசிடென்ட்ஸ் ஒன்லி நீட் டு ஷிஃப்ட் தேர் வெஹிக்கிள்ஸ்.’

நான் நினைத்தது இதுதான்: தரைத்தளத்துக்காரர்களின் வண்டிகள் பள்ளத்தில் நிற்கின்றன, அவர்கள் மட்டும் எடுத்து மேட்டில் விடட்டும், மாடியில் இருப்பவர்கள் காற்றிலும் மழையிலும் இறங்கி வர வேண்டாம். அநேகமாக எல்லோருக்கும் அப்படியே புரிந்தது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு வேறு மாதிரி புரிந்தது. ‘தரைத்தளத்துக்காரர்கள் வண்டியை நகர்த்தினால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.’ அவரிடம் வண்டியே கிடையாது. ஆகவே அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்.

விடிவதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பீரோவின் அடித்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரம், பென்ஷன் காகிதங்கள், கணவர் எழுதிய கடிதங்கள் எல்லாம் நனைந்துவிட்டன. காலையில் நான் போனபோது கரண்ட் இல்லை. கட்டில்மேல் ஒவ்வொரு தாளாகப் பரப்பி, நியூஸ்பேப்பரால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. ‘சார், நீங்க எழுதினதைத்தான் நான் படிச்சேன்’ என்றார்.

அவர் முப்பது வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். யோசித்துப் பாருங்கள். அன்று என் வரியைத் தமிழ் மனதோடு படித்தவர்கள் தப்பித்தார்கள். இங்கிலீஷை இங்கிலீஷாகப் படித்தவர் மாட்டிக்கொண்டார். அந்த வரிக்கு இரண்டு அர்த்தமும் உண்டு, அவர் எடுத்துக்கொண்டதுதான் இங்கிலீஷ்காரர்களுக்கு முதலில் தோன்றும் அர்த்தம் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா சொன்ன ‘எழுதினதைத்தான்’ என்பதில் ஒரு ‘தான்’ வருகிறது, கவனித்தீர்களா? நம் எல்லாக் குழப்பமும் அங்கிருந்து வருகிறது. பள்ளியில் ஏகாரத்தின் பொருள்களைப் படித்திருப்போம். தொல்காப்பியம் ஐந்து சொல்கிறது, நன்னூல் ஆறு சொல்கிறது. அவற்றில் இரண்டு போதும் நமக்கு: பிரிநிலை, தேற்றம். ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பிரிநிலை. உறுதியாக அழுத்திச் சொல்வது தேற்றம். பேச்சுத் தமிழில் இந்த இரண்டு வேலையையும் ‘தான்’ பார்த்துக்கொள்கிறது. இங்கிலீஷ் ‘ஒன்லி’யின் வேலை முக்கியமாகப் பிரிப்பது. நாமோ அதன் தலையில் தேற்றத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். இந்திக்காரர்களும் ‘ஹீ’யை வைத்துக்கொண்டு இதையே செய்கிறார்கள், நாம் மட்டும் குற்றவாளி இல்லை.

‘எனக்குச் செங்கல்பட்டுதான் சொந்த ஊர்’ என்பதை ‘மை நேட்டிவ் இஸ் செங்கல்பட்டு ஒன்லி’ என்கிறோம். நமக்குள் பேசும்போது இதில் ஒரு தப்பும் இல்லை என்பது என் கட்சி. இது இந்திய இங்கிலீஷின் குணம், அதைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் உங்கள் மகன் ‘ஐ ஒர்க்ட் ஆன் டெஸ்டிங் ஒன்லி’ என்று சொன்னால், எதிரில் இருக்கும் வெளிநாட்டுக்காரர், பையனுக்கு வேறொன்றும் தெரியாது என்று குறித்துக்கொள்வார்.

நான் கடைப்பிடிக்கும் வழி ஒன்றைச் சொல்கிறேன். வாக்கியத்தை மனதில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ போட்டாலும் அர்த்தம் மாறவில்லையா? ‘ஒன்லி’ போடலாம். ‘உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போடலாம்’, ‘உறுப்பினர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம்’, இரண்டும் ஒன்று. ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்பதை ‘இங்கே மட்டும் இருக்கேன்’ என்று மாற்ற முடியாது, ஆகவே அங்கே ‘ஒன்லி’ வேண்டாம். காலத்தைச் சொல்லும்போது மட்டும் இந்த வழி உதவாது. ‘நேற்றுதான் வந்தேன்’ என்பதில் ‘மட்டும்’ பொருந்தாது, ஆனாலும் ‘ஒன்லி எஸ்டர்டே’ என்பது நல்ல இங்கிலீஷ்.

அடுத்தது இடம். தமிழில் ‘தான்’ உரிய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், வழுவாது. ‘ஒன்லி’ வாக்கியத்துக்குள் அலையும். நம் ஐந்து ரதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘பல்லவர்கள் ஐந்து ரதங்களைச் செதுக்கினார்கள்’ என்பதை இங்கிலீஷில் எழுதி, ‘ஒன்லி’யைப் பல்லவர்களுக்கு முன்னால் வைத்தால் வேறு யாரும் செதுக்கவில்லை என்றாகும். ‘ஐந்து’க்கு முன்னால் வைத்தால் ஆறாவது இல்லை. ‘செதுக்கினார்கள்’ என்ற வினைக்கு முன்னால் வைத்தால், செதுக்கினார்களே தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றும் படிக்கலாம். (ரதங்களின் வேலை கடைசிவரை முடியவில்லை என்பதால் அதுவும் பாதி உண்மைதான்!)

உரிய சொல்லை ஒட்டியே வைக்க வேண்டும் என்று 1762-இலேயே ராபர்ட் லௌத் தன் இலக்கண நூலில் சொன்னார். 1926-இல் ஃபௌலர், அர்த்தம் குழம்பாத இடத்தில் அவ்வளவு கறார் வேண்டாம் என்றார். பேச்சுக்கு நான் ஃபௌலர் பக்கம், ஏனென்றால் குரலின் அழுத்தம் காப்பாற்றிவிடும். வாட்ஸ்அப்பில் குரல் இல்லை. அறிவிப்புக்கு லௌத்தான் சரி.

செக்கில் தொகையை எழுத்தில் எழுதி முடிவில் ‘ஒன்லி’ போடுகிறோமே, அது வேறு கதை. பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடக் கூடாது என்று அடிக்கும் ஆணி அது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அன்று நான் எழுதியிருக்க வேண்டியது ‘ஒன்லி கிரவுண்ட் ஃப்ளோர் ரெசிடென்ட்ஸ்’ என்று தொடங்கும் வரி. அதற்குக் கீழே, ‘தரைத்தளத்தில் இருப்பவர்கள் பத்திரங்களையும் மருந்துகளையும் உயரத்தில் எடுத்து வையுங்கள்’ என்று தமிழில் இன்னொரு வரி. இரண்டாவதை எழுதவே இல்லை. அந்தத் தப்பை ‘ஒன்லி’யின் மேல் போட முடியாது.

வடகிழக்குப் பருவமழைக்கான அறிவிப்பை இந்த முறை இரண்டு மொழியிலும் எழுதி, போன வாரம் அந்த டீச்சர் அம்மாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.