பாலம் இருக்கிறது, நெடுஞ்சாலை வரவில்லை
(நம் சங்கப் பொதுக்குழுவில் பேசியது)



நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலம் 1903-இல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அதை அதிவேக நெடுஞ்சாலையோடு சேர்க்கத் திட்டம் போட்டார்கள். ஒரு முனையில் ஹாலண்ட் சுரங்கச் சாலை. மறுமுனையில் இந்தப் பாலமும் மன்ஹாட்டன் பாலமும். நடுவே, வீடும் கடையுமாக இருந்த தெருக்களின் மேல் 10 வழிச் சாலை. முன்னின்றவர் ராபர்ட் மோசஸ், செல்வாக்கு மிக்க அதிகாரி.

நான் பேரேடு எழுதிய ஆள். வரவுப் பக்கம் பயண நேரம் மிச்சம், சரி. பற்றுப் பக்கம்? சுமார் 2,000 குடும்பங்களும் 800 கடை, தொழிற்கூடங்களும் காலி செய்ய வேண்டும்.

குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். 1962-இல் நகர நிர்வாக வாரியம் திட்டத்தை நிராகரித்தது. முடிந்ததா? இல்லை. மறுபடி தலைதூக்கியது. 1968-இல் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்ப்புத் தெரிவித்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் கைதானார். 1969-இல்தான் மேயர் லிண்ட்சே திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தப் பகுதிதான் இன்றைய சோஹோ. பாலத்தில் இன்றும் கார், மெட்ரோ ரயில் எல்லாம் போகின்றன. நடந்தும் சைக்கிளிலும் போகலாம்.

நான் சாலைக்கு விரோதி இல்லை. பற்றுப் பக்கத்தை நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்கிறேன். நம் தெரு அகலப்படுத்தும் கூட்டத்துக்கு 96 வீடுகளிலிருந்து போனது 4 பேர். நானும் போகவில்லை, வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு நான் வருகிறேன். நீங்களும் வாருங்கள்.