பழைய காரின் சத்தம்: கேட்கும் முறையும் கணக்குப் பார்க்கும் முறையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில்.)



பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் என் வண்டிக்கு வயது பதினாறு. அதன் ஒவ்வொரு முனகலும் எனக்குப் பாடம்.

நம் கீழ்த்தளப் பார்க்கிங்கை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பத்து வயது தாண்டிய வண்டிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அவற்றில் பல, நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுடையவை. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர அதுதான் துணை. பிள்ளைகள் போனில், “அதை வித்துருங்கப்பா, ஆட்டோவுல போங்க” என்கிறார்கள். நமக்கு மனசு வரவில்லை. சரி, வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வதென்றால் அது சொல்வதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய பழுதுகளில் பல, வருவதற்கு முன் சத்தமாகவோ அதிர்வாகவோ சொல்லிவிட்டுத்தான் வருகின்றன.

வங்கியில் டிரயல் பேலன்ஸ் இடித்தால் என்ன செய்வோம்? எல்லா லெட்ஜரையும் முதல் பக்கத்திலிருந்து புரட்ட மாட்டோம். வித்தியாசத் தொகையைப் பார்ப்போம். அது ஒன்பதால் வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதியிருப்போம். வித்தியாசத்தில் சரிபாதித் தொகை எங்காவது இருந்தால், பற்றில் வைக்க வேண்டியதை வரவில் வைத்திருக்கலாம். அதாவது, தேட ஆரம்பிப்பதற்கு முன்பே தேட வேண்டிய இடத்தைச் சுருக்கிவிடுவோம். கார் சத்தத்துக்கும் இதே முறைதான். மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: சத்தம் இன்ஜின் வேகத்தோடு போகிறதா? வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து மெதுவாக ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். நின்ற இடத்திலேயே அந்தச் சத்தம் வந்தால், விஷயம் பானெட்டுக்குக் கீழே அல்லது சைலன்சரில்.

இரண்டாம் கேள்வி: சத்தம் சக்கரத்தின் வேகத்தோடு போகிறதா? காலையில் காலியான, சமதளமான சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியரில் போங்கள். அதே நாற்பதில் நான்காம் கியருக்கு மாற்றுங்கள். சக்கரத்தின் வேகம் மாறவில்லை, இன்ஜின் வேகம் குறைந்துவிட்டது. சத்தமும் மாறினால் இன்ஜின் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் டயர், பேரிங், ஆக்சில் பக்கம். சிலர் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக் கேட்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் நின்றால் பிரேக் கனத்துவிடும். சாவியை எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

மூன்றாம் கேள்வி: ஒரு குறிப்பிட்ட செயலின்போது மட்டும் வருகிறதா? பிரேக் போடும்போது, முழுசாக ஒடிக்கும்போது, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது, ஏசி போட்டதும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றிலேயே பாதி வேலை முடிந்தது. இனி ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்போம்.

இன்ஜின் பக்கம். மழைக்கு மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘கீ...ச்’ என்று கத்தி, சற்று நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் பெல்ட். தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். தையல் மிஷின் போல ‘டிக்டிக்டிக்’ என்றால் டேப்பட். முதலில் சமதளத்தில் நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஸ்டீயரிங்கும் சீட்டும் உதறி, கிளம்பியதும் சரியானால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம். நின்றாலும் உதறி, கிளம்பும்போது இழுவையும் குறைந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஸ்பார்க் பிளக்கும் காயிலும் பார்க்க வேண்டும். இங்கே ஒன்று நினைவில் வையுங்கள். பழைய மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் கொஞ்சம் உதறல் பிறவியிலேயே உண்டு. ‘உதறுகிறதா’ என்பதை விட ‘முன்பைவிட அதிகமாக உதறுகிறதா’ என்று கேட்பதே சரி.

அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும்போது பெரிய கியரில் இழுத்தால் ‘கலகல’வென்று ஒரு சத்தம் வரும். அது நாக்கிங். உடனே கியரைக் குறையுங்கள். கியர் குறைத்தும் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆனால் இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து சுத்தியல் அடிப்பது போல் ‘டம் டம்’ என்று வந்து, ஆயில் விளக்கும் எரிந்தால், வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். இழுத்துப் போகும் செலவு, புது இன்ஜின் செலவில் ஒரு சிறு துளி.

சக்கரத்தின் பக்கம். ஒரு சிறு கணக்கு. நம் சிறிய கார்களின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.7 மீட்டர் ஓடும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் பத்து சுற்று. எண்பதில் பதின்மூன்று. ரிம் ஓரத்தில் வெறும் முப்பது கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், எண்பதில் அது சுமார் மூன்று கிலோ விசையாகி, வினாடிக்குப் பதின்மூன்று முறை சக்கரத்தை உதைக்கிறது. வேகம் இருமடங்கானால் உதை நான்கு மடங்கு. அதனால்தான் ஊருக்குள் தெரியாத உதறல் ரிங் ரோட்டில் எழுபதைத் தாண்டியதும் தெரிகிறது. ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் உதறினால் பின் சக்கரம். வீல் பேலன்சிங் செய்தால் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் டயர் புடைத்திருக்கிறதா, ரிம் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. நம் வண்டிகள் அதிகம் ஓடுவதில்லை, அதனால் பட்டன் தேயாமல் இருக்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். பட்டனை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்து ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம். டி பிளாக்கில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், மாதம் ஒருமுறை மகளைப் பார்க்கத் திருநெல்வேலிக்குத் தாமே ஓட்டிப் போகிறவர். அவர் வண்டியில் ஐம்பதுக்கு மேல் இந்த ரீங்காரம் வந்தது. ஒரு பணிமனையில் நான்கு டயரையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம், “சார், நாலு டயர்னா என் ஒரு மாச பென்ஷன்ல பெரும் பங்கு போயிரும். டயர்தான்னு எப்படி நம்புறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருவரும் நத்தம் பறக்கும் பாலத்தில் ஒரு முறை போய்வந்தோம். 2023-இல் திறந்த, ஏழு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலம். காலையில் காலியாக இருக்கும். பாலத்தின் இணைப்புகளில் வரும் ‘டக் டக்’ பாலத்துடையது, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கியரை மாற்றினோம், ரீங்காரம் மாறவில்லை. இறங்கி, சாலையின் மேற்பரப்பு மாறியபோதும் அது மாறவில்லை. டயர் சத்தமாக இருந்தால் வழவழப்பான ரோட்டுக்கும் சொரசொரப்பான ரோட்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். வலது பக்கம் வளையும்போது ரீங்காரம் கூடியது, இடது பக்கம் வளையும்போது குறைந்தது. வலது பக்கம் வளைந்தால் பாரம் இடது சக்கரத்தில் ஏறும். ஆகவே இடது பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

இதை ஒரு தாளில் எழுதி வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தார். அவர் வண்டியைத் தூக்கி இடது முன் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ‘கரகர’ என்றது, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டமும் இருந்தது. ஒரு பேரிங் மாற்றியதோடு ரீங்காரம் போய்விட்டது. பணம் மிச்சமானது சின்ன விஷயம். நான்கு புது டயர் போட்டு, பழைய பேரிங்கோடு அவர் தனியாக நான்குவழிச் சாலையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, செயல்களோடு வரும் சத்தம். நம் பார்க்கிங்கிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். ‘டக் டக் டக்’ என்று சக்கரத்தோடு சேர்ந்து வந்தால் ஆக்சில் ஜாயின்ட். முன் சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். மேலே உள்ள ரப்பர் உறை கிழிந்த உடனே கவனித்தால் உறையும் கிரீஸும்தான் செலவு. மண் புகுந்து சத்தம் வரும்வரை விட்டால் ஆக்சிலே மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்பீடு பிரேக்கரில் ‘டொக்’ என்றால் லிங்க் ராடு, புஷ், ஷாக் அப்சார்பர் என்று பல காரணம் உண்டு. அதில் பால் ஜாயின்ட் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். பிரேக்கில் லேசான ‘கீச்’ தொடர்ந்து வந்தால் பேட் தேய்ந்ததற்கு அறிகுறி. ‘கரகர’ என்றால் இரும்பும் இரும்பும் உரசுகின்றன, அன்றே போக வேண்டும். பிரேக் போட்டால் மட்டும் ஸ்டீயரிங் உதறினால் டிஸ்க். மழை நாளின் மறுநாள் காலையில் முதல் இரண்டு பிரேக்கில் உரசி நின்றுவிட்டால் அது மேல் துரு மட்டும், கவலை வேண்டாம்.

பஞ்சர் போட்ட அல்லது டயர் மாற்றிய சில நாளில், குறைந்த வேகத்திலேயே புதிதாக ஆட்டம் வந்தால் உடனே ஓரம் கட்டி வீல் நட்டுகளைப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இவ்வளவையும் சோதிப்பதற்கு முன்னால் இலவச சோதனை ஒன்று உண்டு. டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், தளர்ந்த ஸ்டெப்னி, கதவுப் பையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், இவைதான் பல ‘சஸ்பென்ஷன்’ சத்தங்களுக்குக் காரணம். ஏசி ஃபேனில் ‘படபட’ என்றால், நம் வளாகத்துப் புங்க மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையைப் பாருங்கள். பூவும் சருகும் உள்ளே போயிருக்கும். எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பானெட்டைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, துண்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? “பேரிங்கை மாத்திருங்க” என்று நாம் தீர்ப்பு சொல்லக் கூடாது. கேட்டதை மட்டும் சொல்லுங்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், இன்ஜின் சூடானதும் வருகிறதா குளிர்ந்திருக்கும்போதா, என்று ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன வேலை நடந்தது. ஒரு தாளில் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, “இதோ, இந்தச் சத்தம்தான்” என்று காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வவுச்சர் இல்லாத செலவை நாம் பாஸ் செய்வதில்லை அல்லவா?

மோட்டார் தொழில் நம் மதுரைக்குப் புதிதில்லை. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான். அந்தக் காலத்தில் பஸ் போகும் வழியில் மாட்டு லாட ஆணிகளைக் காந்தம் வைத்துப் பொறுக்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவதை விட, ஆவதற்கு முன் ஆணியை எடுப்பது மலிவு. நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

கடைசியாக, பிள்ளைகள் கேட்கும் கேள்வி. எப்போது விற்பது? பதினைந்து வருடம் முடிந்தால் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம். பழைய வண்டிகளுக்கு வயதுக் கட்டுப்பாடு இங்கே இல்லை. ஆகவே வயது மட்டும் காரணமாகாது. ஒரு வருடத்துப் பராமரிப்பு, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதுங்கள். அதே பயணங்களுக்குக் கால் டாக்சி என்றால் எவ்வளவு என்று மறுபக்கம் எழுதுங்கள். உங்கள் வசதிக்கும் சுதந்திரத்துக்கும் என்ன விலை என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடிச் சட்டத்திலோ, ஷாக் அப்சார்பர் பிடித்திருக்கும் இடத்திலோ துரு அரித்துத் தகடு பொத்தலாகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், அதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம். அப்போது வண்டிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் சிலருக்குக் காது முன்போல் கேட்பதில்லை. அதில் வெட்கம் எதுவும் இல்லை. மாதம் ஒருமுறை பேரனையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ பக்கத்தில் உட்கார வைத்து, ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் ஓட்டுங்கள். என்ன கேட்டது என்று அவர்களிடம் கேளுங்கள்.