கடனைக் கழித்தால் கூடுமா?

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்து முதலாம் படிவத்திற்குப் போகும் நம் பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் ஒன்று, எதிர்மறை எண்களின் கழித்தல். 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்று மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு −5 − 3 என்ற கணக்குக்கும் 8 என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே பிடிக்கும் பயம் இயற்கணிதம் வரை விடுவதில்லை.

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தமது பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் நேர்மறை எண்ணைச் செல்வம் என்றும், எதிர்மறை எண்ணைக் கடன் என்றும் வைத்தே விதிகளைச் சொன்னார். அதையே வீட்டில் சொல்லிக் கொடுங்கள்.

கடையில் 5 வெள்ளி கடன். மேலும் 3 வெள்ளிக்குக் கடனாகச் சாமான் வாங்கிச் செலவழித்துவிட்டால்? கடன் 8 வெள்ளி. −5 − 3 = −8. மாறாக, கடைக்காரர் 3 வெள்ளிக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டால்? மிச்சக் கடன் 2 வெள்ளிதான். −5 − (−3) = −2. கடனை நீக்கினால் நம் நிலை உயர்கிறது. எனவேதான் கடனைக் கழிப்பது கூட்டலாகிறது.

பெற்றோர்களே, "எனக்குக் கணக்கு வராது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். கடன் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா என்ன? பிள்ளையிடம் விடையை மட்டும் கேட்காமல், காரணத்தையும் கேளுங்கள்.