செய்த வேலையை எழுதி வையுங்கள்

(தோட்டப்புறத்தில் பிறந்து, இன்று லண்டனில் ஒரு தொடக்கப்பள்ளியில் பணிபுரியும் சகோதரி ஒருவர், விடுமுறையில் தாயகம் வந்திருந்தபோது பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் ஆசிரியர் அல்ல. கற்பித்தல் உதவியாளர். இங்கே பாலர் பள்ளியில் ஆசிரியரோடு ஓர் அக்கா கூடவே இருப்பார், பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரி வேலைதான். 11 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்த பிறகு, 2009இல் உயர்நிலை கற்பித்தல் உதவியாளர் என்ற தகுதி எனக்குக் கிடைத்தது. சுருக்கமாக எச்.எல்.டி.ஏ. என்பார்கள்.

உங்களை லண்டனுக்கு வரச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அந்தத் தகுதிக்குத் தயாரானபோது நான் கற்றுக்கொண்ட ஒரு பாடம் நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தேவை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இங்கிலாந்தில் ஆசிரியர்களுக்கு வேலைச்சுமை அதிகம் என்று நெடுநாள் புகார் இருந்தது. 2003 ஜனவரியில் அரசாங்கமும் முதலாளிமார் தரப்பும் பெரும்பாலான தொழிற்சங்கங்களும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2005 செப்டம்பரிலிருந்து, ஆசிரியரின் கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது 10 விழுக்காட்டை, பாடம் தயாரிக்கவும் பயிற்சிகளைத் திருத்தவும் ஒதுக்க வேண்டும் என்றானது. அந்த நேரத்தில் வகுப்பை யார் பார்ப்பது? அங்கேதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி பிறந்தது.

ஆனால் வழி சும்மா திறக்கவில்லை. தலைமையாசிரியரின் ஒப்புதல் வேண்டும். ஆங்கிலத்திலும் கணிதத்திலும், அந்நாட்டுப் பிள்ளைகள் 16 வயதில் எழுதும் தேர்வின் நல்ல தேர்ச்சிக்குச் சமமான சான்றிதழ் வேண்டும். என்னிடம் அது இல்லை. ஓராண்டு, வாரம் இரண்டு இரவு, சமைத்து வைத்துவிட்டு மாலை வகுப்புக்குப் போனேன். அப்போது என் மகனும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே மேசையில் பின்னம் போட்டோம்.

அதன் பிறகு மதிப்பீடு. கேள்வித்தாள் கிடையாது. 33 தரநிலைகள் உண்டு. ஒவ்வொன்றையும் நான் எட்டியிருக்கிறேன் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். ஒரு மாணவனோடு, ஒரு சிறு குழுவோடு, ஒரு முழு வகுப்போடு நான் செய்த வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும். முழு வகுப்பை நடத்தியபோது ஆசிரியர் அறையில் இருந்திருக்கக் கூடாது. மதிப்பீட்டாளர் அரை நாள் வருவார். நான் பாடம் நடத்துவதை உட்கார்ந்து பார்க்க மாட்டார். என் தாள்களைப் படிப்பார், என்னிடமும் ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் கேட்பார். தாளில் இல்லாததும் வாயில் வராததும் அவருக்குத் தெரியாது.

என் முதல் கட்டுரையைக் கேளுங்கள். "கணக்கில் பின்தங்கிய மாணவனுக்கு உதவினேன். அவன் நன்றாக முன்னேறினான்." அவ்வளவுதான். பயிற்சி கொடுத்த அம்மையார் அதன் கீழே மூன்று கேள்வி எழுதினார். என்ன செய்தாய்? ஏன் அப்படிச் செய்தாய்? அவன் கற்றுக்கொண்டான் என்று உனக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவு எனக்கு அழுகை வந்தது. 11 ஆண்டு உழைப்பு இரண்டு வரியில் முடிந்துவிட்டதே!

பிறகு யோசித்து எழுதினேன். அந்தப் பையன் 42இலிருந்து 17ஐக் கழிக்கும்போது, 2இலிருந்து 7 போகாது என்று திருப்பிப் போட்டு 35 என்று எழுதுவான். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி அவன் கையில் கொடுத்தேன். ஒரு கட்டை அவிழ்த்தால்தான் 7 குச்சி எடுக்க முடியும் என்று அவனே கண்டுபிடித்தான். கையால் செய்தால்தான் 'கடன் வாங்குவது' அவனுக்குப் புரியும் என்று நினைத்தேன், அதுதான் காரணம். மூன்றாம் நாள், குச்சி இல்லாமல், 61இலிருந்து 34ஐக் கழித்து 27 என்று எழுதினான். அந்தத் தாளைத் தேதி போட்டு, அவன் பெயரை மறைத்துக் கோப்பில் வைத்தேன். அதுதான் சான்று.

இதைச் செய்யும்போது என் அம்மா நினைவுக்கு வந்தார். அம்மா பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு மாதம் செக்ரோலில் இரண்டு நாள் குறைந்திருந்தது. "நான் வேலைக்கு வந்தேனே ஐயா" என்றார். "புத்தகத்தில் இல்லையே" என்றார் கிராணி. அதோடு முடிந்தது. அன்று முதல், பள்ளிக்கூடத்துப் பிள்ளையான நான், ஒரு பழைய நோட்டில் தேதியும் பாலின் எடையும் குறித்து வந்தேன். பிறகு ஒரு மாதம் மறுபடியும் நாள் குறைந்தபோது, அம்மா அந்த நோட்டோடு ஆபீசுக்குப் போனார். அந்த மாத நாட்கள் திரும்பக் கிடைத்தன. முன்பு போனது போனதுதான்.

உண்மையைச் சொல்கிறேன், தகுதி கிடைத்தவுடன் சம்பளம் உயர்ந்துவிடவில்லை. தகுதி வேறு, பதவி வேறு. வகுப்பை நான் தனியாக நடத்திய மணிகளுக்கு மட்டும்தான் உயர்ந்த சம்பளம் கொடுத்தார்கள். சில மணிகளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மறுபடியும் நோட்டு! நானும் இரண்டு தோழியரும் ஒரு பருவம் முழுதும் மணிகளைக் குறித்து, தொழிற்சங்கத்தின் மூலம் கேட்டோம். விடுபட்ட மணிகள் கிடைத்தன. முழு வாரத்துக்கும் உயர்ந்த சம்பளம் வேண்டும் என்று கேட்டது கிடைக்கவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே இங்கே பாலர் பள்ளியிலும் டியூஷன் வகுப்பிலும் உதவி செய்யும் சகோதரிகளே, "நான் சும்மா உதவிக்குத்தான் இருக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டு எடுங்கள். என்ன செய்தேன், ஏன் செய்தேன், பிள்ளை என்ன கற்றது, இந்த மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். நாளைக்கு நேர்முகத் தேர்வில் "உன் அனுபவம் என்ன" என்று கேட்டால், பதில் கையில் இருக்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இதேதான். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தேர்வு முடிவு, உங்கள் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப்., சொக்சோ தாள்கள், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளியில் சேர்க்க அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். உழைப்பில் நம்மவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. அந்த உழைப்பைக் காட்டத் தாள் இல்லாததால்தான் பல இடங்களில் தோற்றோம்.

என் அம்மாவின் நோட்டு 20 காசு நோட்டு. அந்தக் காசுக்கு இரண்டு நாள் கூலி திரும்பி வந்தது.