மீத்தேன் குறைந்த மாடு: யாருடைய தேவை, யாருடைய செலவு?

(கோலார் தங்கவயலில் பால் உற்பத்தியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் இவ்வூரின் உழைப்பாளிகளில் பலர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களிலோ ஒன்றிரண்டு கறவை மாடுகளே பல குடும்பங்களின் அடுப்பை எரியவைக்கின்றன. அந்த மாடுகள்தாம் இன்று புவி வெப்பமடைவதற்குக் காரணமெனக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. எனவே இது நம் வீட்டுப் பிரச்சினை.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். மாட்டின் அசையூண் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வைக்கோலையும் தட்டையையும் நொதிக்கச் செய்கின்றன. அப்போது பிறக்கும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வேறொரு வகை நுண்ணுயிரிகள் மீத்தேனாக மாற்றுகின்றன. மாடு அதைப் பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளியேற்றுகிறது. பின்புறமாக என்று கேலி பேசுவோருக்கு மாட்டைத் தெரியாது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. தீவன ஆற்றலில் 2 முதல் 12 விழுக்காடு வரை இவ்வாறு வீணாகிறது. ஆகவே மீத்தேனைக் குறைப்பதில் விவசாயிக்கும் அக்கறை உண்டு. நாம் அறிவியலை எதிர்ப்பவர்கள் அல்லர்.

ஒரே தீவனத்தைத் தின்னும் இரு மாடுகள் ஒரே அளவு மீத்தேனை விடுவதில்லை. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பரம்பரையாகக் கன்றுக்கும் செல்கிறது. நியூசிலாந்தில் செம்மறியாடுகளை அதிகம் விடுபவை, குறைவாக விடுபவை என இரு கூட்டங்களாகப் பிரித்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, இரண்டுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கும் மேல் வேறுபாடு தோன்றியது. கனடாவில் 2023 ஏப்ரல் முதல், ஹோல்ஸ்டீன் காளைகளுக்கு மீத்தேன் மதிப்பீடும் தரப்படுகிறது. பசுவின் பாலை அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்து, அது எவ்வளவு மீத்தேன் விடும் எனக் கணிக்கிறார்கள். அந்நாட்டின் செமெக்ஸ் நிறுவனம் இத்தகைய காளைகளின் உறைவிந்தைச் சந்தைப்படுத்துகிறது.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். நியூசிலாந்தில் மீத்தேனைக் குறைவாக விட்ட ஆடுகளின் அசையூண் வயிறு சிறியதாக இருந்தது. உணவு அதில் தங்கும் நேரமும் குறைவு. பசும்புல் மேயும் ஆட்டுக்கு அதனால் பெரிய இழப்பில்லை. கனடாவின் பசு மக்காச்சோளப் பதனத் தீவனமும் தானியமும் தின்கிறது. கோலார் மாடு தின்பது என்ன? கேழ்வரகுத் தாள். கடினமான அந்த நாரை நெடுநேரம் வயிற்றில் வைத்து நொதிக்கச் செய்யும் ஆற்றலால்தான், மனிதன் உண்ண முடியாததை அது பாலாக்குகிறது. மீத்தேனைக் குறைக்கப் போய் அந்த ஆற்றலைக் குறைத்தால், தாளைக் கைவிட்டு விலைக்குத் தீவனம் வாங்க வேண்டி வரும். அந்தச் செலவு யார் தலையில் விழும்? இதை நம் மாடுகளில், நம் தீவனத்தில் சோதித்துப் பார்க்காமல் அயல்நாட்டு மதிப்பெண்ணை நம்பிச் சினை ஊசி போடக் கூடாது என்பதே என் வாதம்.

சோதிப்பதற்கு இடம் இல்லையா? நம் ரயில் போய் நிற்கும் பெங்களூரிலேயே இருக்கிறது. ஆடுகோடியிலுள்ள தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் மீத்தேனை அளந்து வருகிறது. டானின் மிகுந்த தாவரங்களிலிருந்து அது உருவாக்கிய ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கை மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. ஹெசரகட்டாவில் ஒன்றிய அரசின் உறைவிந்து உற்பத்தி நிறுவனம் உள்ளது. அறிவும் காளையும் பொதுத்துறையில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் அரசியல் உறுதிதான் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமர் மாடுகளுக்கென ‘கௌ சிப்’ என்ற மரபணுச் சிப்பை வெளியிட்டார். நல்லது. ஆனால் 12 இலக்கக் காதுவில்லை மாட்டிச் சேகரிக்கும் தரவு யாருக்குச் சொந்தம்? நம் மாட்டின் தரவைக் கொண்டு கண்டறியப்படும் காளையின் விந்து நமக்கே தனியார் விலையில் வந்து சேரக் கூடாது.

2021இல் கிளாஸ்கோவில் உலக மீத்தேன் உறுதிமொழி அறிவிக்கப்பட்டபோது இந்தியா கையெழுத்திடவில்லை. அது சரியான முடிவு. பிழைப்புக்காக இரண்டு மாடு வைத்திருப்பவரையும் ஆயிரக்கணக்கில் மாடுகளை அடைத்து வளர்க்கும் நிறுவனத்தையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஆனால் கையெழுத்திடாததையே சாக்காக வைத்து அரசு கைகட்டி நிற்பதை ஏற்க முடியாது.

ஏனெனில் புதிய இனம் வருவதற்கு முன்பே குறைக்கக் கூடிய மீத்தேன் நிறைய உண்டு. நாளுக்கு மூன்று லிட்டர் கறக்கும் மாடும் பத்து லிட்டர் கறக்கும் மாடும் உயிர்வாழ மட்டுமே ஒரு பங்குத் தீவனத்தைத் தின்றாக வேண்டும். எனவே அரைவயிறு தின்று, சினைப்பிடிக்காமல், மடி நோயோடு நிற்கும் மாட்டின் ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் மிக அதிகம். ஊசி மூன்று முறை தவறினால் இரண்டு மாதத் தீவனம் வீண். அந்த இரண்டு மாத மீத்தேனும் வீண். கால்நடை மருத்துவர் பணியிடங்களை நிரப்புவதும் சுற்றுச்சூழல் நடவடிக்கைதான்!

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டு பசுவதைத் தடைச் சட்டம் 13 வயதைக் கடந்த எருமையைத் தவிர எந்த மாட்டையும் இறைச்சிக்கு அனுப்பவிடாது. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. கறவை நின்ற பசுவையும் கலப்பினக் காளைக்கன்றையும் விவசாயி என்ன செய்வார்? கட்டிவைத்துத் தீனி போட வேண்டும், அல்லது தெருவில் அவிழ்த்துவிட வேண்டும். பால் தராத அந்த மாடு எந்நேரமும் மீத்தேன் விடுகிறது. பசுவின் பெயரால் ஓட்டுக் கேட்பவர்கள் அந்தச் செலவில் ஒரு பைசாவையும் ஏற்பதில்லை. பருவநிலை பற்றிப் பேசும் மேடைகளில் இச்சட்டம் ஒருமுறையாவது பேசப்படுகிறதா?

எனவே அடுத்த பால் சங்கப் பொதுக்குழுவில் நாம் முன்வைக்க வேண்டியவை இவை. மீத்தேன் மதிப்பீடு செய்யப்பட்ட எந்த உறைவிந்தும் கேழ்வரகுத் தாள் தின்னும் மாடுகளில் சோதிக்கப்பட்ட பின்னரே சங்கத்தின் வழியே வர வேண்டும்; சோதனைக் காலத்தில் பால் குறைந்தால் இழப்பீட்டை அரசு தர வேண்டும். ஹள்ளிகார் போன்ற உள்நாட்டு இனங்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்பட வேண்டும். ஹரித் தாரா போன்றவற்றை ஒன்றியம் மானிய விலையில் வழங்க வேண்டும். 2020ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட வேண்டும். தீர்மானத்தைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். படித்துப் பார்த்துத் திருத்தங்களைச் சொல்லுங்கள்.