கண்டற்கரையில் ஒரு வகுப்பறை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சூழலியல் என்னும் பாடத்துக்கு ஜேர்மானிய விஞ்ஞானி ஹெக்கல் 1866-ல் பெயர் சூட்டியபோது, வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதற்கு அடியாகக் கொண்டார். அப்படியாயின், உயிர்கள் குடியிருக்கும் வீட்டை ஒருமுறையேனும் எட்டிப் பாராமல் அப்பாடத்தை எங்ஙனம் கற்பது? மிஷன் கல்லூரியொன்றிற் படித்த நாம் மல்லிகைப் பூவின் பாகங்களைக் கரும்பலகையிற் கற்றோம். வாசலிலோ மல்லிகைப் பந்தல் பூத்துக் குலுங்கி நின்றது!

பதின்மூன்று, பதினான்கு வயது என்பது கேள்வி கேட்க வெட்கம் தலைகாட்டும் வயது. ஆனால் சேற்றிற் கால் புதைந்ததும் அவ்வெட்கம் போய்விடும். சென்ற விடுமுறையில் எம்மிற் சிலர் பதினெட்டுப் பிள்ளைகளைப் பரவைக்கடல் ஓரத்துக் கண்டற்காட்டுக்கு அழைத்துச் சென்றபோது இதனைக் கண்டோம்.

முதலில் தில்லை மரத்தைக் காட்டினோம். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லைதான். அதன் பால் கண்ணிற் பட்டாற் பெருங்கேடு. அந்த எச்சரிக்கைக்குப் பின்னரே பிள்ளைகளைக் கரையில் இறங்க விட்டோம். ஐவருக்கு ஒரு சணற்கயிறு. நான்கு தடிகளை நட்டு, ஒரு மீற்றர்ச் சதுரமாகக் கயிற்றைக் கட்டி, அதற்குள் உள்ளவற்றை எண்ணி எழுதுவதே வேலை. பெயர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நின்ற வேர்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "வேர் ஏன் அண்ணை மேலே வருது?" என்று கேட்டாள். நாம் விடை கூறாமல், "தடியாற் கிண்டி மணந்து பார், தங்கச்சி" என்றோம். கரிய சேறு, கூழ்முட்டை நாற்றம். சேற்றுக்குள் காற்றில்லை, ஆகையால் மூச்சுவிடவே வேர் வெளியே வருகிறது என்று பிள்ளைகள் தமக்குள் வாதாடித் தாமே கண்டுகொண்டார்கள். பிறகு கண்ணா மரத்தின் இலையை நாம் பறித்துக் கொடுக்க, நாவில் வைத்து உப்புக் கரிப்பதை அறிந்தார்கள். உள்ளே சென்ற உப்பை அம்மரம் இலை வழியே வெளியேற்றுகிறது.

அங்கு வலை காயப்போட வந்த முதியவர் ஒருவர், "இறால் குஞ்சு ஒளிக்கிறது இந்த வேருக்குள்ளைதான், பிள்ளையள்" என்றார். விழுந்த இலையை நண்டு வளைக்குள் இழுப்பதையும், அவ்வளைகளால் சேற்றுக்குள் காற்று நுழைவதையும் அவரே குனிந்து காட்டினார். அன்று அவர்தாம் ஆசிரியர். எமது பல்கலைக்கழகக் குறிப்புகள் சட்டைப்பையிலேயே கிடந்தன.

இது வெறும் உல்லாசப் பயணம் அன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமது குடாநாட்டில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீரியற் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதைப் பிள்ளைகளே கணித்துக்கொள்ளட்டும். மழைநீரைத் தாங்கி மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கும் குளத்திற் குப்பை கொட்டுகிறவர்களுக்கும் இக்கணக்குத் தெரிந்தால் நல்லது. கிணறு உவரானால் வெங்காயத் தோட்டமும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை.

"சனி, ஞாயிறுகளில் ரியூசன் இருக்கிறதே" என்று பெற்றோர் சிலர் கூறுகின்றனர். அவர்களின் கவலையை நாம் அறிவோம்; பரீட்சை பொல்லாதது. நாம் கேட்பது மாதத்தில் ஒரு காலை, வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம். பெண்பிள்ளைகளையும் தவறாது அனுப்புங்கள்.

அடுத்த மாதம் கிணற்றுக் கணக்கைத் தொடங்குகிறோம். பிள்ளைகள் முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றுடன் உங்கள் வளவுக்கு வருவார்கள். படலையைத் திறந்து விடுங்கள். கிணற்றுக்கட்டருகே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். சென்ற கோடையில் நீர் எந்தப் படிவரை இறங்கியது என்பது நினைவிருந்தால், அதையும் அவர்களின் கொப்பியில் எழுதுவித்து அனுப்புங்கள்.